முப்பது தாய்மரமும் ஒரு பென்சிலும்: இலுப்பை விதை எடுக்கும் முறை

ஆனி பிறந்தால் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். "அக்கா, ஐப்பசிக்கு இலுப்பைக் கன்னு ஐநூறு வேணும். ஊருணிக் கரையில வைக்கப் போறோம்." சரி, தருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்பேன்: "எத்தனை தாயோட கன்னு வேணும்?" அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே வராது. தாய் என்று நான் சொல்வது விதை எடுத்த மரத்தை.

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடிப் பக்கம் இருபது வருஷமாக நாற்றங்கால் வைத்திருக்கிறேன். வாங்க வருகிறவர்கள் கன்றின் உயரத்தைப் பார்ப்பார்கள், இலையைப் புரட்டிப் பார்ப்பார்கள், விலையை அடித்துப் பேசுவார்கள். எங்கே எடுத்த விதை என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நானே முதல் சில வருஷம் அதை யோசித்ததில்லை. பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022இல் தொடங்கிய பிறகு, தாங்களே விதை பொறுக்கிக் கன்று போட வேண்டும் என்று வருகிற பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்கள். அவர்களுக்குத்தான் இது. இலுப்பையை வைத்துச் சொல்கிறேன். மருதம், நாவல், பாலை எதுவானாலும் அடிப்படை இதேதான்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்க் கோயிலுக்குப் பின்னால் ஒரு இலுப்பை, நாலு பேர் கை கோர்த்தாலும் அடங்காது. சுற்று வட்டாரத்தில் வேறு இலுப்பையே கிடையாது. அதனடியில் ஒரே காலையில் இரண்டு சாக்குக் கொட்டை பொறுக்கி 2,000 பை போட்டேன். அலையாமல் வேலை முடிந்ததே என்று பெருமை வேறு. முளைத்து வந்ததில் இருபது முப்பது கன்று பச்சையே இல்லாமல் வெள்ளை வெளேரென்று நின்றது. நான் ஏதோ உரக் குறைபாடு என்று சாணிக் கரைசல் ஊற்றினேன். பதினைந்து நாளில் எல்லாம் கருகிவிட்டது. மிச்சத்தை ஒரு ஊர்க்காரர்கள் வாங்கிக் கண்மாய்க் கரையில் வைத்தார்கள். அப்புறம் 2016 வந்தது. அந்த வருஷம் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது, ஞாபகம் இருக்கும். அடுத்த சித்திரைக்குள் அந்தக் கரையில் இருந்தவை வரிசையாகப் பட்டுப்போயின. ஒன்றிரண்டு தப்பியது என்றில்லை, சொல்லி வைத்தது போல எல்லாமே. தண்ணீர் ஊற்றாததும் காரணம்தான், மறுக்கவில்லை.

பிறகு ஒரு பயிற்சி வகுப்பில்தான் அந்த வெள்ளைக் கன்றின் கதை தெரிந்தது. ஒவ்வொரு மரத்துக்குள்ளும் சில கெட்ட மரபணு ஒளிந்திருக்கும். வேறு மரத்து மகரந்தம் வந்து சேர்ந்தால் அது வெளியே தெரியாது. பக்கத்தில் ஆளே இல்லாத மரம் தன் மகரந்தத்திலேயே காய்க்கும்போது கெட்டதும் கெட்டதும் சேர்ந்து, பச்சையம் இல்லாத பிள்ளை பிறக்கிறது. நம் ஊரில் சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்த குடும்பங்களில் டாக்டர் எச்சரிப்பாரே, அதன் மர வடிவம். தனிமரம் தோப்பாகாது என்பார்கள். தனிமரத்துக் கொட்டையும் தோப்பாகாது.

பருவநிலை மாற்றத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வெயில் கூடினால் மரம் சாகும், அது எல்லோருக்கும் தெரியும். சாகிற மரத்தோடு அதன் குணமும் போகிறது என்பதுதான் கண்ணுக்குத் தெரியாத நஷ்டம். ஒரு கரையில் நாற்பது இலுப்பை இருந்தால் நாற்பதும் வேறு வேறு ஆள். ஒன்று ஆழ வேர் விடும், ஒன்று முன்னதாகப் பூக்கும், ஒன்றில் புழு குறைவாக விழும். அடுத்த முப்பது வருஷத்தில் வரப்போவது வறட்சியா, வெள்ளமா, புதுப் பூஞ்சையா என்று யாருக்கும் உறுதியில்லை. எந்தக் குணம் தேவைப்படும் என்று தெரியாதபோது எல்லாக் குணத்தையும் கையில் வைத்திருப்பதுதான் ஒரே வழி. சில வருஷம் முன்பு தெலங்கானாவில் வேம்பெல்லாம் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்ததே, போமாப்சிஸ் என்ற பூஞ்சை, அப்போதும் ஊரெல்லாம் ஒரே ரத்தமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

இலுப்பையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அதன் பூ இரவில் மலரும். மகரந்தம் கொண்டுபோவதில் வௌவாலுக்குப் பெரிய பங்கு. ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்று நாம் சொல்கிறோம், வௌவாலுக்கு ஆலை இருந்தாலும் இலுப்பைப் பூதான் சர்க்கரை. ஊருக்கு ஊர் பறந்து இரண்டு கண்மாய்க்கு அப்பால் இருக்கிற மரத்தையும் இந்த மரத்தையும் சம்பந்தி ஆக்குவது அதுதான். ஆனால் வெயில் தாங்காத பிராணி. 2018 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 42 டிகிரியைத் தாண்டியபோது பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. வௌவால் குறைந்தால் மரங்கள் நிற்கும், பூக்கும், காய்க்கக்கூடச் செய்யும். ஆனால் உறவு விட்டுப்போகும்.

சரி, வேலைக்கு வருவோம்.

எத்தனை மரம்

குறைந்தது 30 தாய்மரம். முடிந்தால் 50. இது நான் கண்டுபிடித்த எண் இல்லை. ஆஸ்திரேலியாவில் மார்ஷல், பிரவுன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1975இல் விதை சேகரிப்புக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். ஒரு இடத்தில் 50 முதல் 100 செடியில் எடுத்தால், ரொம்ப அரிதானவை போக மற்ற மரபணு வடிவங்களில் பெரும்பாலானவை கைக்கு வந்துவிடும் என்று. எனக்கு அது புரியவில்லை. அப்போது பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த என் பேத்திதான் போனில் போட்டுக் காட்டினாள்.

வறட்சி தாங்குகிற ஒரு மரபணு வடிவம், நூற்றுக்கு 5 என்ற அளவில்தான் அந்த ஊர் மரங்களில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மரத்திலும் ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதி. ஐந்து தாயிடம் விதை எடுத்தால் பத்துப் பிரதி பார்க்கிறோம். ஒரு பிரதியில் அந்த வடிவம் இல்லாமல் இருக்க வாய்ப்பு 0.95. அதைப் பத்துத் தடவை பெருக்கினால் 0.60 வருகிறது. "அப்பத்தா, அஞ்சு மரத்துல எடுத்தா அது உன் சாக்குல விழாமலே போறதுக்கு நூத்துக்கு அறுபது வாய்ப்பு" என்றாள். முப்பது மரமென்றால் அறுபது தடவை பெருக்க வேண்டும்; விட்டுப்போகிற வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்குகிறது. ஐம்பது மரமென்றால் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. தாயை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு இது, மகரந்தம் கொண்டுவருவது தனி லாபம். அந்த 60 என்ற எண்ணைப் பார்த்த பிறகு நான் ஒரு மரத்தடியில் சாக்கை நிரப்புவதை விட்டுவிட்டேன்.

எந்த மரம்

ஒரு தாய்க்கும் அடுத்த தாய்க்கும் நூறு மீட்டர் இடைவெளி விடுங்கள். கொட்டை பெரும்பாலும் மரத்தடியிலேயே விழுகிறது, அதனால் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை அக்கா தங்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். ரோட்டோர வரிசை மரங்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். யாரோ ஒருவர் ஒரே மரத்துக் கொட்டையை நட்டு வரிசையாக்கியிருப்பார். நான் ஊரில் வயசான யாரையாவது பிடித்து, "ஐயா, இந்த மரமெல்லாம் யார் வச்சது, எங்கேர்ந்து கொண்டாந்தாக?" என்று கேட்டுவிடுவேன். பாதி நேரம் பதில் கிடைக்கும்.

வாட்டசாட்டமான மரத்தை மட்டும் தேடாதீர்கள். இது எல்லோரும் செய்கிற காரியம். பலகைக்காக வளர்க்கிற மரத்துக்கு நேரான அடிமரம் பார்க்கலாம். ஊருணிக் கரையில் நூறு வருஷம் நிற்க வேண்டிய மரத்துக்கு, காய்ந்த மேட்டில் குட்டையாக, முண்டு முண்டாக நிற்கிற மரமும் தாய்தான். அது அங்கே நின்று காட்டியிருக்கிறதே. தனியாக நிற்கிற மரத்தை மட்டும் விட்டுவிடுங்கள், என் கோயில் மரம் மாதிரி. அதன் குணம் வேண்டுமென்றால் பக்கத்தில் வேறு ரத்தத்துக் கன்று நாலு நட்டுவிட்டு, அது பூக்கும்வரை காத்திருங்கள்.

கோயில் மரம், பொது மரமென்றால் மகசூல் ஏலம் போயிருக்கும். ஏலம் எடுத்தவரிடம் கேட்டுவிட்டுப் பொறுக்குங்கள். ஒரு மரத்துக்கு அரைப்படி கொட்டைதான் என்றால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. எண்ணெய்க்கு ஆட்டுகிறவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை.

எப்போது

இலுப்பை எங்கள் பக்கம் பங்குனி, சித்திரையில் பூத்து ஆனி, ஆடியில் பழுத்து விழுகிறது. ஒரே நாளில் போய் அள்ளி வராதீர்கள். மூன்று நடை போக வேண்டும்: முதல் விழுகை, நடு விழுகை, கடைசி விழுகை. முதல் வாரத்தில் மட்டும் பொறுக்கினால் முந்திப் பூக்கிற மரங்களின் பிள்ளைகள் மட்டுமே கையில் இருக்கும். இப்போதெல்லாம் சித்திரையில் திடீரென்று கோடை மழை கொட்டுகிறது. அந்த வாரம் மலர்ந்த பூவெல்லாம் போய்விடும். முந்திப் பூத்ததும் பிந்திப் பூப்பதும் கலந்திருந்தால்தான் ஏதோ ஒன்று தப்பும்.

பூ குறைந்த வருஷம் விதை எடுக்காமல் விட்டுவிடுவது நல்லது. வறட்சி வருஷத்தில் நூற்றில் பத்து மரம்தான் பூத்திருக்கும். கொட்டை சாக்கு நிறையக் கிடைக்கலாம், ஆனால் தகப்பன்கள் பத்துப் பேர்தான். நல்லாப் பூத்த வருஷத்தில் எடுத்து, அடுத்த நல்ல வருஷத்தில் மறுபடியும் எடுங்கள்.

வௌவால் தங்கித் தின்னும் மரம் ஒன்று ஊரில் இருக்கும், புளியோ ஆலோ. அதனடியில் கிடக்கிற இலுப்பைக் கொட்டை பல ஊர் மரத்துடையது. உட்கார்ந்த இடத்திலேயே நமக்குப் பல தாய் கிடைத்துவிடுகிறது. ஆனால் கையுறை போட்டுப் பொறுக்குங்கள், கடித்த பழத்தை வெறுங்கையால் தொடாதீர்கள், வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கேரளத்தில் 2018இல் வௌவால் வழியாகப் பரவும் நிப்பா வைரஸ் வந்த பிறகு எனக்கு இதில் விளையாட்டு இல்லை. இந்தக் கொட்டையைத் தனியாக, "வௌவால்" என்று பெயர் எழுதி வையுங்கள்.

சம அளவு

இதை நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். முப்பது மரத்துக்குப் போவார்கள், ஆனால் ஒரு மரத்தடியில் நிறையக் கிடந்தால் அங்கே அள்ளிவிடுவார்கள். நூறு கொட்டையில் எண்பது ஒரே மரத்துடையது, மீதி இருபது இருபத்தொன்பது மரத்துடையது என்றால், நோட்டில் முப்பது தாய் என்று இருக்கும். கணக்குப்படி அது ஒன்றரைத் தாய்தான். நான் ஒரு மரத்துக்கு ஒரு பழைய பால் பாக்கெட் கொண்டு போகிறேன். அது நிறைந்தால் நகர்ந்துவிடுவேன், மரத்தடியில் எவ்வளவு கிடந்தாலும் சரி. நிறையாவிட்டால் அடுத்த நடையில் நிரப்புவேன்.

கழுவி, விதைக்க

கொண்டுவந்த அன்றே சதையை நீக்கிக் கழுவிவிட வேண்டும். ஒரு ராத்திரி சாக்கில் கட்டி வைத்தால் சூடேறி நாறிவிடும். நிழலில் தண்ணீர் வடிய விடுங்கள், வெயிலில் காயப்போடவே கூடாது. ஒரு வாரத்துக்குள் மண்ணுக்குள் போயாக வேண்டும்.

ஏன் இந்த அவசரம் என்றால், இலுப்பைக் கொட்டை ஈரத்தோடு இருந்தால்தான் உயிரோடு இருக்கும். நெல்லை, கேழ்வரகைக் காயவைத்துக் குதிரில் போடுகிற மாதிரி இதைப் போட முடியாது. நார்வேயில் ஸ்வால்பார்ட் என்ற தீவுக்கூட்டத்தில் பனிமலைக்குள் விதைக் கிடங்கு கட்டி மைனஸ் 18 டிகிரியில் பயிர் விதைகளை வைத்திருக்கிறார்கள். இலுப்பைக் கொட்டையை அங்கே கொண்டு போனால் செத்துவிடும். இதற்குக் கிடங்கு கண்மாய்க் கரைதான். இந்த ஒரு காரணத்துக்காகவே இலுப்பையில் நான் ரொம்பக் கறாராக இருக்கிறேன்.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய தொழுவுரம் ஒன்று. பை கொஞ்சம் உயரமானதாக இருக்கட்டும். ஆணிவேர் சுருண்டால் பின்னால் காற்றுக்கு நிற்காது. கொட்டையைப் படுக்க வைத்து அதன் பருமன் அளவுக்கு மண் மூடினால் போதும். எங்கள் இடத்தில் இரண்டு மூன்று வாரத்தில் தலை காட்டுகிறது. ஒவ்வொரு தாயின் பையும் தனி வரிசை, வரிசைத் தலையில் எண். முளைப்பிலேயே தாய்க்குத் தாய் வித்தியாசம் தெரியும். என் 14ஆம் எண் மரத்துப் பிள்ளைகள் எப்போதும் பத்து நாள் பிந்தித்தான் வந்தன.

இங்கேதான் அடுத்த தப்பு நடக்கும். மூன்றாம் மாதம் வாங்க வருகிறவர் உயரமான கன்றாகப் பொறுக்குவார். நாமும் குட்டையை எல்லாம் ஓரம் கட்டுவோம். அப்படிச் செய்திருந்தால் 14ஆம் எண் குடும்பமே குப்பைக்குப் போயிருக்கும். ஒரு தடவை அந்தப் பிந்திய கன்று ஒன்றைப் பையைக் கிழித்துப் பார்த்தேன். மேலே ஆறு இலைதான், கீழே வேர் பையின் அடியைத் தொட்டு மடங்கியிருந்தது. பக்கத்து வரிசையில் ஒன்றரை அடி உயரக் கன்றுக்கு வேர் அதில் பாதிதான். ஒரு கன்றைப் பார்த்துச் சட்டம் போட முடியாது. ஆனாலும் அதற்குப் பிறகு வெளுத்தது, நோய் பிடித்தது, தண்டு முறிந்தது தவிர வேறு எதையும் நான் கழிப்பதில்லை. உயரம் மட்டும் வேண்டும் என்கிறவர்களிடம் விலையைக் கூட்டிச் சொல்கிறேன். பாதிப் பேர் கலந்தே எடுத்துக்கொள்கிறார்கள்.

வெளியூர் விதை

ஐந்தில் நாலு பங்கு உங்கள் வட்டாரத்து மரம், ஒரு பங்கு உங்களைவிடக் காய்ந்த ஊர் மரம். நான் இராமநாதபுரம் பக்கம் போய் ஏழெட்டு மரத்தில் எடுத்து வந்து கலக்கிறேன். நம் ஊர் அந்த மாதிரி ஆகும்போது தாங்குகிற பிள்ளை ஏற்கனவே இங்கே இருக்கட்டும், இங்குள்ளவற்றோடு கலந்து காய்க்கட்டும் என்ற எண்ணம்தான். முழுக்க வெளியூர் விதை வேண்டாம். நம் மண்ணும் பூச்சியும் அதற்குப் பழக்கமில்லை. ஆன்லைனில் மகுவா (இலுப்பைக்கு வடக்கே சொல்கிற பெயர்) விதை என்று மத்தியப் பிரதேசத்திலிருந்து வருவதை வாங்கவே வாங்காதீர்கள். அது அகன்ற இலை வகை, நம்முடையது நீள இலை வகை.

நடும்போது

வண்டியில் ஏற்றும்போதே கலந்துவிடுங்கள். ஒரு தாயின் பிள்ளைகள் அடுத்தடுத்து நின்றால், நாளைக்கு அவை பூக்கும்போது உடன்பிறப்புக்குள்ளேயே காய்ப்பு நடக்கும். நான் சீட்டுக்கட்டு மாதிரி, ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒவ்வொரு பையாக எடுத்து அடுக்கச் சொல்வேன். ஏற்றுகிற பையன்கள் முனகுவார்கள். கூலியோடு ஒரு டீ சேர்த்துக் கொடுத்தால் சரியாகிவிடும்.

நோட்டு

கடைசியில் சொன்னாலும் முதலில் வாங்க வேண்டியது இதுதான். மர எண், இடம், போனில் எடுத்த ஜிபிஎஸ், அடிமரச் சுற்றளவு, சொந்தக்காரர், விதை எடுத்த தேதி, எத்தனை கன்று, எந்தக் கரைக்குப் போனது. இவ்வளவு போதும்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் தென்னையும் பலாவும் மாவும் விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள். இலுப்பையை யாரும் எண்ணவில்லை. அதுவரை நான் எண் போட்டிருந்தது 23 மரம். பத்து நாள் கழித்துப் பாதை திறந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். ஒன்பது விழுந்திருந்தது. 14ஆம் எண்ணும் அதில் ஒன்று. வேரோடு சாய்ந்து, தூரடியில் ஒரு ஆள் நிற்கிற ஆழத்துக்குக் குழி. அந்த வீட்டு அம்மா மரத்தைக் காட்டவில்லை, ஓட்டுக் கூரையைக் காட்டி அழுதுகொண்டிருந்தார். நான் என்ன கேட்க முடியும், அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினால், 14இன் பிள்ளைகள் முப்பத்தாறு, இரண்டு கண்மாய்க் கரைக்குப் போயிருக்கின்றன. போய்த் தேடினோம். பத்தொன்பது உயிரோடு நின்றது. விழுந்த ஒன்பதில் ஆறு மரத்துக்கு இப்படிப் பிள்ளைகளைக் கண்டுபிடித்துவிட்டேன். மூன்றுக்கு முடியவில்லை. அந்த மூன்றும் வரிசைத் தலையில் அட்டை அழிந்துபோன தாய்கள். கன்று எங்கேயோ நிற்கும், யாருடைய பிள்ளை என்று சொல்ல ஆளில்லை.

அதனால் அட்டையில் மார்க்கர் பேனாவால் எழுதாதீர்கள். நாற்றங்கால் வெயிலில் மூன்று மாதத்தில் வெளுத்துவிடும். பழைய பெயின்ட் டப்பாவின் பிளாஸ்டிக்கைப் பட்டையாக வெட்டி, உப்புத்தாளால் ஒரு தேய் தேய்த்து, சாதாரணப் பென்சிலால் அழுத்தி எழுதுங்கள். 2019இல் எழுதியது என்னிடம் இன்னும் படிக்கிற மாதிரி இருக்கிறது.